கண்காணிப்பு டீமனை எஸ்இலினக்ஸ் தடுக்கிறது, என்ன செய்வது?

லினக்ஸின் பாதுகாப்பு அமைப்பான எஸ்இலினக்ஸை அணைத்தால்தான் ஸாபிக்ஸ் ஏஜென்ட் (பின்னணியில் ஓடும் உங்கள் கண்காணிப்பு டீமன்) உங்கள் லாக் கோப்பைப் படிக்கிறது என்கிறீர்கள். தயவுசெய்து மொத்தமாக அணைக்காதீர்கள். ஏஜென்ட் ஓடும் அந்த ஒரு டொமைனை (எஸ்இலினக்ஸ் அந்த நிரலுக்குத் தரும் வகை) மட்டும் செமானேஜ் கட்டளையால் பெர்மிசிவ் ஆக்கி ஒரு நாள் ஓட விடுங்கள்; எதையும் தடுக்காது, ஆனால் தடுத்திருக்க வேண்டியதையெல்லாம் ஆடிட் லாகில் ஏவிசி (அனுமதி மறுப்பு) வரிகளாக எழுதிவைக்கும்.

அந்த வரியில் எஸ்கான்டெக்ஸ்ட் கேட்டவர், டிகான்டெக்ஸ்ட் கேட்கப்பட்ட பொருள். டிகான்டெக்ஸ்டில் டீஃபால்ட்_டி என்று வந்தால் கோப்பின் லேபிள்தான் (எஸ்இலினக்ஸ் அதற்கு ஒட்டிய வகைப்பெயர்) தப்பு; செமானேஜ் எஃப்கான்டெக்ஸ்டில் சரியான லேபிளைப் பதிந்து, அதைக் கோப்பில் ஒட்ட ரெஸ்டோர்கான் ஓட்டினால் போதும், புது பாலிசியே வேண்டாம். லேபிள் சரியாக இருந்தும் மறுத்தால் மட்டும் ஆடிட்2அலவ்; அந்த ஏவிசி வரிகளிலிருந்து அனுமதி விதிகளை எழுதித் தரும் கருவி அது. அது தருவதை அப்படியே ஏற்றாமல் அந்த விதிகள் உள்ள டிஇ கோப்பைத் திறந்து படியுங்கள், ஷேடோ_டி (கடவுச்சொல் கோப்பின் லேபிள்) மாதிரி ஏதாவது இருந்தால் அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி கம்பைல் செய்து செமாட்யூலால் ஏற்றுங்கள். அப்புறம் பெர்மிசிவை நீக்க மறக்காதீர்கள்.