25 சதவீத உதவித்தொகை என்றால் மகனை மட்டமாக நினைக்கிறார்களா?

இல்லை. அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் முழு உதவித்தொகை எப்போதுமே அபூர்வம், 25 சதவீதம் என்பது சாதாரணமான தொகைதான். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவில் நெடுங்காலம் ஒரு அணிக்கு மொத்தமே 11.7 முழு உதவித்தொகைக்குச் சமமான தொகைதான், அதை 27 பேர் வரை பங்கு போட்டார்கள். 2025-26 முதல், வீரர்களுக்குக் கல்லூரியே நேரடியாகப் பணம் தர அனுமதிக்கும் புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு இல்லை. ஆனால் அணியில் 34 பேர்தான் இருக்கலாம். வரம்பு போனதால் எல்லாக் கல்லூரிக்கும் பணம் வந்துவிடவில்லை.

எனக்குத் தொகையைவிட ஜூலை டிராஃப்ட்தான் கவலை, அதாவது தொழில்முறை அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. பள்ளி முடித்த நல்ல பிட்சர்களில் (பந்து வீசுபவர்களில்) சிலர் தொழில்முறை அணிக்குப் போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டு, பயிற்சியாளர்கள் கூடுதலாக ஆள் எடுப்பதுண்டு. அவர்கள் கல்லூரிக்கே வந்துவிட்டால் 34 பேருக்குள் நெருக்கடிதான். அப்போது தொகை குறைந்த பையனை விடுவது அவர்களுக்குச் சுலபம்.

அதனால் நேராகக் கேளுங்கள்: கல்லூரி புதிய ஏற்பாட்டில் இருக்கிறதா? உங்கள் மகன் ஆடும் இடத்துக்கு இன்னும் எத்தனை பேரை எடுத்திருக்கிறார்கள், அவர்களில் டிராஃப்டில் போகக்கூடியவர்கள் எத்தனை பேர்? தொகை ஒரு வருடத்துக்கா, நான்கு வருடத்துக்குமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை யாரையும் கட்டுப்படுத்தாது.

ஒன்று மட்டும் கவனம். நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்தால், மூன்றாம் ஆண்டு முடியும் வரை அல்லது 21 வயது ஆகும் வரை டிராஃப்டில் எடுக்கமாட்டார்கள். இரண்டாண்டுப் படிப்பு தரும் ஜூனியர் கல்லூரிக்கு அந்தத் தடை இல்லை.