ஒரே இடத்தில் மூன்று பல்புகள்

கேள்வி: பெட்டியில் '15,000 மணி நேரம்' என்று அச்சிட்டிருந்ததை நம்பி வாங்கிய எல்.இ.டி. பல்பு எட்டு மாதம்கூட எரியவில்லை. கூரையோடு ஒட்டிய, மூடிய கண்ணாடிக் கூட்டுக்குள் மாட்டியிருக்கிறோம். அதே இடத்தில் இது மூன்றாவது பல்பு. விலை கூடியதை வாங்கினால்தான் உழைக்குமா? எத்தனை வாட் வாங்க வேண்டும்?

பதில்: ஒரே இடத்தில் மூன்று பல்புகள் அடுத்தடுத்துப் போயிருக்கின்றன என்றால், பல்பைவிட அந்த இடத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எல்.இ.டி. பல்பில் ஒளி தரும் சில்லுகளைவிட, வீட்டு மின்சாரத்தை அவற்றுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் 'டிரைவர்' என்ற சிறு மின்சுற்றும், குறிப்பாக அதிலுள்ள கெபாசிட்டரும்தான் பெரும்பாலும் முன்னதாகப் பழுதாகின்றன. கெபாசிட்டருக்கு வெப்பமே பகை. சூடு 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையினர் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. எல்.இ.டி. சூடாகாது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால், பல்பின் கழுத்துப் பகுதி நன்றாகவே சூடாகும், மூடிய கூட்டுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியும் இருக்காது. பழுதான பல்பைக் கழற்றி, அதன் கழுத்திலுள்ள வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் காரணம் பெரும்பாலும் சூடுதான்.

ஆகவே, விலையைக் கூட்டுவதால் மட்டும் பயனில்லை. மூடிய கூடுகளுக்கு ஏற்றது என்று பெட்டியிலேயே குறிப்பிட்டுள்ள பல்பை வாங்குங்கள்; கிடைக்காவிட்டால், வாட் குறைந்த பல்பை மாட்டுங்கள், அல்லது கூட்டைத் திறந்த வகையாக மாற்றிவிடுங்கள். ஹோல்டரின் முனைகள் கருகியோ தளர்ந்தோ இருந்தால், எவ்வளவு நல்ல பல்பும் நிலைக்காது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு அதையும் பார்த்துவிடுவது நல்லது.

வாட் என்பது பல்பு செலவழிக்கும் மின்சாரத்தின் அளவே தவிர வெளிச்சத்தின் அளவன்று. வெளிச்சத்துக்கு லூமென் எண்ணைப் பார்க்க வேண்டும். பழைய 60 வாட் குண்டு பல்பு தந்த சுமார் 800 லூமென் வெளிச்சத்தை 8 அல்லது 9 வாட் எல்.இ.டி. தந்துவிடும். நாளுக்கு 5 மணி நேரம் எரித்தால், இதனால் ஓராண்டில் 90 யூனிட்டுக்கு மேல் மிச்சமாகும் என்பதால், சில மாதங்களே உழைக்கும் மலிவான பல்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. 15,000 மணி நேரம் என்பது அதே கணக்கில் எட்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல். ஆனால் அந்த எண் பெரும்பாலும் சில்லுகளின் வெளிச்சம் 70 சதவீதமாகக் குறையும் காலத்தைக் குறிப்பதாகும். டிரைவருக்கு அது உத்தரவாதமாகாது. என்னைக் கேட்டால், அந்த எண்ணைவிட வாரண்டி எத்தனை ஆண்டு என்பதைத்தான் நம்புவேன். பில்லைப் பத்திரப்படுத்தி, வாங்கிய தேதியைப் பல்பின் கழுத்தில் அழியாத மையால் எழுதி வையுங்கள். வீட்டில் பத்து பல்புகள் இருந்தால், எது எப்போது வாங்கியது என்பது பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

கேள்வி: படுக்கையறைக்கு எந்த நிற வெளிச்சம் நல்லது?

பதில்: 2,700 முதல் 3,000 கெல்வின் (ஒளியின் நிறச் சாயலைக் குறிக்கும் அளவு) வரையுள்ள மஞ்சள் சாயல் வெளிச்சம். 6,500 கெல்வின் வெண்ணொளி வேலை செய்யும் இடங்களுக்குப் பொருந்தும். எதுவானாலும், பொருள்களின் நிறத்தை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. எண் 80க்குக் குறையாமல் இருக்கட்டும். குறைந்தால் துணியின் நிறம்கூட மாறித் தெரியும்.