குப்பை வண்டி வந்துடுச்சு போல!

கேள்வி: காலையில் அடுப்படியில் இருந்தபடி 'குப்பை வண்டி வந்துடுச்சு போல இருக்கே' என்று குரல் கொடுத்தால், என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே 'ஆமா, பாட்டு கேக்குது' என்கிறார். சண்டை போட்டால், 'குப்பையைக் கொடுத்துட்டு வாங்கன்னு நீ சொல்லவே இல்லையே' என்கிறார். தப்பு யார் மேல்?
- வாசகி, பெரம்பூர்

பதில்: அவர் மேல்தான், சந்தேகமே வேண்டாம். பதிலை எதிர்பார்க்காமல் வேலையை எதிர்பார்த்துக் கேட்கிற கேள்விக்கு, 13-ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நன்னூலில் இடம் கொடுத்துவிட்டார், 'ஏவல் வினா' என்று. கடையில் 'துவரம்பருப்பு இருக்கா?' என்றால் அது கொளல் வினா, அதாவது வாங்குவதற்காகக் கேட்கிற கேள்வி. கடைக்காரர் 'இருக்கு' என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் வியாபாரம் நடக்குமா? அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் செர்ல் 1975-ல் இந்தச் சுற்றி வளைத்த பேச்சைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். அதில் 'உப்பை எடுத்துத் தர முடியுமா?' என்பது பிரபலமான உதாரணம். நம் வீட்டில் ஏது இந்த 'முடியுமா' எல்லாம், 'சாம்பார்ல உப்பு கம்மியோ?' என்றாலே உப்பு ஜாடி வந்துவிடும் (கூடவே ஒரு முறைப்பும் வரும், அது வேறு கதை).

பதில் சொல்வதிலும் இப்படித்தான். நன்னூல் சொல்கிற எட்டு விடைகளில் மூன்றுதான் வெளிப்படை, மற்ற ஐந்தும் குறிப்பு. ஆட்டோக்காரரிடம் 'தி.நகர் வர்றீங்களா?' என்று கேளுங்கள், 'திரும்பி வர்றப்ப டிராஃபிக்ல மாட்டிக்குவேன் சார்' என்பார். மாட்டேன் என்று அவர் சொல்லவே இல்லை, மேலே ஐம்பது ரூபாய் போட்டுக் கொடுத்தால் வருவார். தனக்கு இனி நேரப்போவதைச் சொல்லிப் பதிலை உணர்த்துகிற இதற்கு இலக்கணத்தில் 'உறுவது கூறல்' என்று பேர், அவருக்குத் தெரியாவிட்டாலும்.

நேரடியாகச் சொன்னால் அது உத்தரவு, மறுத்தால் சண்டை. அதனால்தான் நாசூக்காக வண்டி வந்த சேதியை மட்டும் சொல்கிறீர்கள், அவரோ அந்த நாசூக்கையே பிடித்துக்கொண்டு நழுவுகிறார். புரியாமல் இல்லை. ஆபீஸில் மேனேஜர் 'அந்த ரிப்போர்ட் முடிஞ்சுதா?' என்றால் 'இல்லை சார்' என்று சொல்லிவிட்டுப் பேப்பரையா புரட்டுகிறார்?

நாளைக் காலையில் பச்சைக் கூடையை அவர் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அப்புறம் 'வண்டி வந்துடுச்சு போல' என்று சொல்லிப் பாருங்கள்.