ஜிம்னிக்கு 2 இன்ச் லிஃப்ட்: டயரும் பிரேக்கும்

நண்பரே, உங்கள் மாருதி சுசுகி ஜிம்னி ஜீப்பை 2 இன்ச் உயர்த்தி (லிஃப்ட்) 235/75 ஆர்15 டயர் போட்டபிறகு பிரேக் மந்தமாக இருக்கிறது, பெரிய டிஸ்க் கிட் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். கம்பெனி டயர் 195/80 ஆர்15, உயரம் 27.3 இன்ச், இப்போது இருப்பது 28.9. கிட்டத்தட்ட 6 சதவீதம் பெரிது, அதனால் அதே மிதிக்குப் பிடிப்பும் அந்த அளவு குறையும், கூடவே டயரின் எடையும் சேர்ந்துகொள்ளும். ஸ்பீடோமீட்டரும் முன்பைவிடக் குறைத்துக் காட்டும், மலை இறக்கத்தில் அதை நம்பி வேகம் வைக்காதீர்கள்.

முதலில் பிரேக் ஹோஸை, அதாவது சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாயைப் பாருங்கள். சேஸிஸில் ஜாக்கி கொடுத்து, ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்ஸில் முழுசாகத் தொங்கும்போது ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். என் வண்டியில் லிஃப்ட் போட்டவர்கள் இதைப் பார்க்கவே இல்லை, வலது முன் ஹோஸ் கம்பி மாதிரி விறைத்து நின்றது. நீளமான ஹோஸ் மாற்றி, நல்ல பிரேக் பேட் போட்டு, புது டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றி, பிரேக் லைனில் இருக்கும் காற்றை எடுத்து, பின் டிரம்மைச் சரிசெய்து ஓட்டிப் பாருங்கள். அப்புறமும் போதவில்லை என்றால் மட்டும் பெரிய டிஸ்க், அதுவும் 15 இன்ச் ரிம்முக்குள், டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் உரசாமல் அடங்குமா என்று வைத்துப் பார்த்தபிறகு. 30 இன்ச்சுக்கு மேல் டயர் வேண்டவே வேண்டாம்.