உண்ணி ஊசி: ஆளுக்கு ஆள் ஏன் வேறுபடுகிறது?

உண்ணி கடித்து வரும் மூளைக்காய்ச்சலுக்கு சுவிஸ், ஜெர்மனியில் போடும் எஃப்எஸ்எம்ஈ ஊசி பற்றித்தான் எல்லாக் கேள்வியும். நான் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள், டாக்டர் இல்லை.

கேள்வி: அக்கா, அம்மாவுக்கு 67 வயது. வயதானவர்களுக்கு இந்த ஊசி பிடிக்காதாமே?

பதில்: பிடிக்கும், ஆனால் கிருமியை எதிர்க்க இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருள் இளையவர்கள் அளவுக்கு ஏறாது. ஐம்பதைத் தாண்டினாலே இறக்கம் தெரியும், ஏனென்றால் புதுக் கிருமியைப் படித்துக்கொள்ளும் டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்கள் வயதோடு குறைந்துவிடுகின்றன. ஆஸ்திரியாவில் பூஸ்டர், அதாவது பாதுகாப்பைப் புதுப்பிக்கும் ஊசி, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை என்றால் அறுபதுக்கு மேல் மூன்று வருடம். சுவிஸில் பொதுவாகப் பத்து என்பார்கள், அம்மாவுக்கு அது போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: என் எடை 112 கிலோ. அதனால் ஊசி வேலை செய்யாதா?

பதில்: வியன்னா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இதையே பார்த்தார்கள். பூஸ்டர் போட்டதும் பருமனானவர்களுக்கும் எதிர்ப்பொருள் நன்றாகவே ஏறியது, ஆனால் ஆறு மாதத்துக்குள் மற்றவர்களைவிட வேகமாக இறங்கிவிட்டது. எனவே ஊசி போட்டு ஒரு மாதத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, நம்பர் நல்லா இருக்கு என்று நிம்மதியாகிவிடாதீர்கள்.

கேள்வி: முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கிறேன். போடலாமா?

பதில்: போடலாம், அதில் உயிருள்ள வைரஸ் இல்லை. மெத்தோட்ரெக்ஸேட் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து என்பதால் எதிர்ப்பொருள் குறைவாக வரும் வாய்ப்பு உண்டு, அதனால் முதல் சுற்றிலேயே ஓர் ஊசி கூடுதலாகத் தேவையா என்று முடக்குவாத டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்!

கேள்வி: இந்த ஊசி நான் போட்டதே இல்லை, ஆனால் எதிர்ப்பொருள் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. எப்படி?

பதில்: ஊரில் டெங்கு வந்ததா? யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ வந்திருந்தால் இந்தக் குழப்பம் சகஜம். டெங்குவும் இதுவும் ஒரே வைரஸ் குடும்பம், எதிர்ப்பொருளைத் தேடும் சாதாரண எலைசா பரிசோதனை ஒன்றை இன்னொன்று என்று எண்ணி ஏமாந்துபோகும். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டவர்களுக்கும் இப்படி வரும். வைரஸை உண்மையிலேயே தடுக்கிறதா என்று பார்க்கும் நடுநிலையாக்கப் பரிசோதனைதான் சரியான பதில் சொல்லும். அதுவரை டெங்கு காப்பாற்றும் என்று ஊசியைத் தவிர்க்காதீர்கள்.

கேள்வி: ஊசி போட்டு கைகூட வலிக்கவில்லை. பிடிக்கவில்லையோ?

பதில்: வலிக்கும் பாதுகாப்புக்கும் முடிச்சுப் போடாதீங்க.

கேள்வி: முதல் சுற்றின் மூன்று ஊசியும் போட்டு 14 வருடம், பூஸ்டரை மறந்தேவிட்டேன்.

பதில்: முதலிலிருந்து தொடங்க வேண்டாம். மூன்றையும் உடம்பு நினைவில் வைத்திருக்கும், வழக்கமாக ஒரே ஊசி போதும். தடுப்பூசி விவரம் எழுதிய மஞ்சள் அட்டை தொலையாமல் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள்.