ஞாயிறு மேட்சா, ஞாயிறு பூசையா? நடுவில் நிற்பவருக்குக் காசு கொடுக்காதீர்கள்

வியாசர்பாடியிலிருந்து ஒரு தாய் எழுதுகிறார்: "மகனுக்கு 15 வயது, ஃபுட்பால் ஆடுகிறான். இந்த வருடம் உறுதிபூசுதல் என்ற அருட்சாதனம் வாங்குகிறான், அதற்கு வகுப்பும் உண்டு. ஞாயிறு காலை ஏழு மணிக்கு மேட்ச் வைக்கிறார்கள், எங்கள் பங்குக் கோயிலில் பூசையும் அதே நேரம்தான். மேட்சுக்குப் போனால் பாவமா? உலகக் கோப்பை ஃபைனல் அன்றும் பூசை போய்விடும் என்கிறார் வீட்டுக்காரர். ஒலிம்பிக்கில் ஞாயிற்றுக்கிழமை ஓட மறுத்த வெள்ளைக்காரரைச் சொல்லி, அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் ஜெபக்குழுவில்) ஒரு பெரியவர் பிள்ளையை அழ வைத்துவிட்டார். இதற்கு நடுவில் ஒருவர், வெளியூரில் ஞாயிறு ட்ரையல்ஸ், 8,000 ரூபாய் கொடுங்கள், பெரிய கிளப்பில் சேர்த்துவிடுகிறேன் என்கிறார். என்ன செய்வது ஐயா?"

அம்மா, உங்கள் வீட்டுக்காரர் கவலையை முதலில் முடித்துவிடலாம். 2026 உலகக் கோப்பையின் இறுதிப் போட்டி ஜூலை 19, ஞாயிறு. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிற்பகல் 3 மணி என்றால் நமக்கு நள்ளிரவு 12.30. திருச்சபைச் சட்டத்தில் நாள் என்பது நள்ளிரவில் தொடங்கி நள்ளிரவில் முடிவது. ஆகவே அந்த மேட்ச் நமக்குத் திங்கட்கிழமை. 2018-லும் 2022-லும் ஃபைனல் ஞாயிறு இரவு 8.30-க்கு. 2023-ல் அகமதாபாத் கிரிக்கெட் ஃபைனல் ஞாயிறு மதியம் 2 மணிக்கு. காலைப் பூசைக்கு இவற்றில் எது குறுக்கே வந்தது? டிவியில் பார்க்கிற மேட்சுக்காகப் பூசையை விட்டேன் என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

உங்கள் மகன் விஷயம் வேறு. அவன் பார்ப்பவன் இல்லை, ஆடுகிறவன். அதுவும் வியாசர்பாடியில் பந்து என்பது பொழுதுபோக்கு மட்டும் இல்லை. பல வீடுகளில் பிள்ளையைக் கெட்ட சகவாசத்திலிருந்து காப்பாற்றுவது அதுதான்.

சட்டம் கேட்பது எளிமையானது. ஞாயிறு கடனை, அதாவது கத்தோலிக்கர் ஞாயிறுதோறும் பூசை காண வேண்டும் என்ற கடமையைத் தீர்க்க, ஞாயிற்றுக்கிழமை எந்த நேரத்திலும், அல்லது சனிக்கிழமை மாலையில், ஒரு முழுப் பூசையில் பங்கெடுத்தால் போதும் (சட்ட எண் 1248). உங்கள் பங்கில்தான் காண வேண்டும் என்று இல்லை. ராயபுரம் பேதுரு கோயிலோ, பெரம்பூர் லூர்து மாதா கோயிலோ, எங்கே கண்டாலும் கணக்கில் சேரும். சனி மாலை முடியவில்லை என்றால் ஞாயிறு மாலை.

சனி மாலை என்றதும் எல்லோரும் ஒரு சந்தேகம் கேட்பார்கள், அதை விளக்கமாகவே சொல்கிறேன். சனி மாலை நீங்கள் போனது கல்யாணப் பூசை, ஞாயிறுக்கான வாசகங்கள் அதில் இல்லை. கடன் தீர்ந்ததா? தீர்ந்தது. திருவிழா நவநாள் பூசை? தீர்ந்தது. அடக்கப் பூசை? அதுவும் தீர்ந்தது. என்ன வாசகம், யாருக்கான கருத்து என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. கத்தோலிக்க முறையில் நடந்த பூசையா, சனி மாலையா, இந்த இரண்டுதான் கேள்வி. ஆனால் கல்யாணத்தில் பூசை இல்லாமல் வாசகமும் திருமணச் சடங்கும் மட்டும் நடப்பது உண்டு, குறிப்பாக மணமக்களில் ஒருவர் வேறு மதம் என்றால். அது பூசை ஆகாது. அடக்கத்திலும் அப்படியே: கோயிலில் பூசை நடந்தால் கணக்கு, கல்லறையில் மந்திரிப்பு மட்டும் என்றால் கணக்கில் வராது. அப்பமும் இரசமும் காணிக்கையாகி குருவானவர் அவற்றை உயர்த்திக் காட்டுகிற நற்கருணை எழுந்தேற்றம் நடந்ததா என்று பாருங்கள், அதுதான் அடையாளம்.

யூடியூப் பூசை இந்தக் கணக்கில் வராது. கொரோனா காலத்தில் ஆயர்கள் விலக்குக் கொடுத்தார்கள், அதனால் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். அந்தக் காலம் முடிந்துவிட்டது.

ஆடிவிட்டுப் பசியோடு வருகிற பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். நற்கருணை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும். தண்ணீர் எப்போது வேண்டுமானாலும் குடிக்கலாம். முந்தின நாள் இரவிலிருந்து வாயைக் கட்டுவது பாட்டி காலத்துச் சட்டம்.

சனி மாலையும் இல்லை, ஞாயிறு மாலையும் இல்லை, போட்டி நாள் முழுக்க இழுக்கிறது என்றால்? பங்குத்தந்தையிடம் போய்க் கேளுங்கள். நியாயமான காரணம் இருந்தால், அந்த ஒரு நாளுக்கு விலக்குக் கொடுக்கவோ, அதற்குப் பதிலாக வேறொரு பக்தி முயற்சியைச் சொல்லவோ அவருக்குச் சட்டமே அதிகாரம் தருகிறது (எண் 1245). உதவிப் பங்குத்தந்தையிடம் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், அந்த அதிகாரம் அவருக்குத் தானாக வராது. காகிதம் வேண்டாம், அவர் வாயால் சொன்னால் போதும். பேராயர் இல்லத்தில் ஆள் தெரியும், கடிதம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். விலக்குக்கு விலை கிடையாது.

இவ்வளவு சுலபமான சட்டத்தை நம் பங்குகளில் யார் எடுத்துச் சொல்கிறார்கள்? பூசை நேரம் மாறினால் அறிவிப்புப் பலகையில் ஒரு துண்டுச் சீட்டு, அதுவும் திருவிழா போஸ்டருக்கு அடியில். போட்டி நடத்துகிறவர்கள் அதற்கு மேல், சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் காலை ஏழு மணி மேட்ச் என்று போடுகிறார்கள். கோயிலும் மைதானமும் பத்து நிமிட நடை தூரம்தான். இரண்டு தரப்பும் ஒருமுறை உட்கார்ந்து பேசினால் பாதிப் பிரச்சினை தீரும். முப்பது வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் உட்காரவில்லை.

அந்தப் பெரியவர் சொன்னவர் எரிக் லிடெல். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஹீட்ஸ் ஞாயிறு என்பதால் அதில் ஓடவில்லை, 400 மீட்டரில் 47.6 வினாடியில் தங்கம் வாங்கினார், பிறகு சீனாவில் மறைப்பணி செய்தார். மதிக்க வேண்டிய மனிதர். ஆனால் ஞாயிறன்று விளையாட்டே கூடாது என்ற ஸ்காட்லாந்து புராட்டஸ்டன்ட் மரபில் வளர்ந்தவர் அவர். நம் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வழிபாட்டையும், ஞாயிறுக்குரிய மகிழ்ச்சியையும், மனதுக்கும் உடலுக்கும் வேண்டிய ஓய்வையும் கெடுக்கிற வேலைகளைத்தான் விடச் சொல்கிறது. பூசை கண்டுவிட்டுப் பந்து ஆடுகிற பிள்ளை எதையும் மீறவில்லை. அவனிடம் இதை இன்றைக்கே சொல்லுங்கள், அழுத பிள்ளை அது.

இனி அந்த 8,000 ரூபாய். அம்மா, உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது பூசை இல்லை, இந்த வரிதான். என் அக்கா மகனை இப்படித்தான் ஒருவர் அழைத்துப்போனார். ஞாயிறு காலை ட்ரையல்ஸ் என்றார், சனி இரவே ரயில் ஏறினார்கள். போன இடத்தில் ஒரு மைதானம், நாற்பது ஐம்பது பிள்ளைகள், விசிலோடு ஒரு ஆள், அரை மணி நேரம் ஓட்டம். கிளப்பிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. "செலக்ட் ஆயிட்டான், ரெஜிஸ்ட்ரேஷனுக்கு இன்னும் பணம் கட்டுங்க" என்று அடுத்த வாரம் போன் வந்தது. அக்கா நகையை வைத்துக் கட்டினாள். அந்த எண் பிறகு எடுக்கவே இல்லை.

இவர்களுக்கு ஞாயிறு காலை ஏன் பிடிக்கும் தெரியுமா? அன்று எந்த அலுவலகமும் திறந்திருக்காது, போன் செய்து விசாரிக்க முடியாது. ஆகவே திங்கட்கிழமை வரை காத்திருங்கள். அவர் சொல்கிற கிளப்பின் பெயரைக் கேளுங்கள், அந்த கிளப்புக்கே நீங்கள் பேசுங்கள், அவர் கொடுக்கிற எண்ணில் பேசாதீர்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கு அறிவிப்பு வந்ததும் இணையத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், அதில் ஏஜென்டுக்கு வேலையே இல்லை. வெளிநாட்டு கிளப் என்று பேச்சை எடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். 18 வயது ஆகாத பிள்ளையை நாடு விட்டு நாடு மாற்றுவதை ஃபிஃபாவின் விதி 19 சில விலக்குகள் தவிர தடுக்கிறது. அவர் சொல்வது அந்த விலக்காக இருக்காது.

உறுதிபூசுதல் வகுப்பு பூசையிலிருந்து தனி. வருகைப் பதிவேடு வகுப்பு எடுக்கும் உபதேசியாரிடம் இருக்கும், மாலைப் பூசை கண்டதால் வகுப்பு வந்ததாக ஆகாது. போட்டி அட்டவணை கையில் கிடைத்ததும் அவரைப் பாருங்கள். எந்தெந்த ஞாயிறு வர முடியாது, அந்தப் பாடத்தை என்றைக்கு ஈடுகட்டுவான் என்று தேதி போட்டு எழுதிக் கொடுங்கள், கீழே மகனும் கையெழுத்துப் போடட்டும். அவர் முகம் சுளித்தால் பங்குத்தந்தையிடம் அதே தாளைக் காட்டுங்கள்.