இசை விழாவில் போதைக் கணக்கெடுப்பு வேலை: போகலாமா?

தம்பி, காவேரிப்பட்டணத்திலிருந்து மெல்போர்னுக்குப் படிக்க வந்திருக்கிறாய். கோடை விடுமுறையில் ஒரு இசை விழாவுக்குப் போய், வருகிறவர்கள் என்னென்ன போதைப்பொருள் எடுக்கிறார்கள் என்று கணக்கெடுக்கப் பேராசிரியர் கூப்பிடுகிறார். போனால் விசாவுக்கு ஆபத்தா, கேட்டால் உண்மையைச் சொல்வார்களா என்கிறாய். நான் பாலக்கோட்டுக்காரி. இங்கே சுகாதார ஆய்வுகளில் களவேலை பார்த்துப் பல வருடம் ஆகிறது. தாராளமாகப் போ.

விசா விஷயம் சீக்கிரம் முடியும். கேள்வி கேட்பது குற்றமில்லை. சம்பள வேலைக்கு இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு படிப்பு நடக்கும் காலத்துக்குத்தான், விடுமுறையில் கிடையாது. ஆனால் யாராவது "இதைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்" என்று எதையாவது நீட்டினால் கையை நீட்டாதே. அடுத்தவர் பொருளானாலும் உன் பையில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியது நீதான். ஊரில் அம்மா கேட்டால் சுகாதாரக் கணக்கெடுப்பு என்று சொல். பொய்யும் இல்லை, அவர் தூக்கமும் கெடாது.

உண்மையைச் சொல்வார்களா என்பதுதான் நல்ல கேள்வி. வாசலில் மோப்ப நாயோடு போலீஸ் நிற்கும்போது யார் வாய் திறப்பார்கள்? அதனால்தான் பெயர் கேட்பதில்லை. டேப்லெட்டைக் கையில் கொடுத்துவிட்டு நீ நாலடி தள்ளி நிற்க வேண்டும். கருநீலச் சட்டை மட்டும் போடாதே, போலீஸ் என்று நினைத்துவிடுவார்கள்.

இன்னும் கெட்டிக்காரத்தனமான வழி ஒன்று உண்டு. 1965-இல் ஸ்டான்லி வார்னர் என்ற அமெரிக்கர் தொடங்கிவைத்த யோசனை. அதற்கு இப்போது பல வடிவங்கள். ஒரு வடிவம் இது: காசைச் சுண்டச் சொல்வோம். தலை விழுந்தால் கண்ணை மூடிக்கொண்டு "ஆமாம்" என்று சொல்ல வேண்டும், பூ விழுந்தால் உண்மை. என்ன விழுந்தது என்று நமக்குத் தெரியாது. 200 பேரில் 130 பேர் "ஆமாம்" என்றால், அதில் ஏறக்குறைய 100 காசு சொன்னது. மீதி 100 பேரில் 30 பேர் எடுத்திருக்கிறார்கள், அதாவது 30 சதவீதம். யாரையும் காட்டிக்கொடுக்காமல் கூட்டத்தின் கணக்கு கிடைத்துவிடுகிறது.

மறைப்பவர்கள் ஒரு பக்கம் என்றால், பந்தாவுக்கு அளந்துவிடுகிற பையன்கள் இன்னொரு பக்கம். அவர்களுக்காக உலகத்திலேயே இல்லாத மருந்து ஒன்றின் பெயரைப் பட்டியலில் சேர்ப்பது வழக்கம். ஐரோப்பியப் பள்ளிக் கணக்கெடுப்புகளில் 'ரெலெவின்' என்று ஒன்றை இப்படி வைத்தார்கள். அதையும் எடுத்தேன் என்பவரின் மற்ற பதில்களையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

ஆனால் ஒருவர் மனதாரச் சொல்வதே தவறாக இருக்கலாம். நியூயார்க்கில் நடன இசைக் கூட்டத்துக்கு வருகிறவர்களின் முடியைச் சோதித்தபோது, எக்ஸ்டஸி என்ற போதை மாத்திரை மட்டும்தான் எடுத்தோம் என்று நம்பியவர்களில் சிலரிடம் வேறு செயற்கை ரசாயனங்களும் தென்பட்டன. கேள்வித்தாள் காட்டுவது, எதை எடுத்ததாக அவர் நினைக்கிறார் என்பதை. முடி மாதக்கணக்கில் பின்னோக்கிச் சொல்லும். எச்சில் கடந்த ஓரிரு நாளை மட்டும். 2018-இல் கான்பெரா விழாவில் மாத்திரையையே வாங்கிச் சோதித்துச் சொல்லும் முயற்சி ஆஸ்திரேலியாவில் முதன்முறையாக அனுமதியோடு நடந்தது. என்னைக் கேட்டால் அதுதான் உயிர் காக்கும் வேலை. நாம் எடுப்பது எண்ணிக்கை மட்டும்.

கழிவுநீரைச் சோதிப்பதும் உண்டு. 2005-இல் கழிவுநீர் கலக்கும் இத்தாலியின் போ ஆற்றில் கோகெய்ன் எச்சத்தை அளந்தபோது, அரசுக் கணக்கைவிட உபயோகம் மிக அதிகம் என்று தெரிந்தது. 2019-இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழா முடிந்த வாரம் பக்கத்து ஆற்றில் எக்ஸ்டஸியின் அளவு நாலு மடங்கானது. தண்ணீர் பொய் சொல்லாது, சரி. ஆனால் பத்துப் பேர் ஒன்றொன்றாகப் போட்டார்களா, ஒருவனே பத்தா என்று அதற்குத் தெரியாது.

அப்புறம், யாரைக் கேட்பது என்பதில் கண்டிப்பாக இரு. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போய் மீன் வறுவல் கடை வாசலிலேயே நின்று கேட்டால், வந்தவர்கள் எல்லோரும் மீன் சாப்பிடுகிறவர்கள் என்றுதானே எழுதுவாய்? நுழைவாயிலில் இருபதாவது ஆள் என்றால் இருபதாவது ஆள்தான். சிரித்துப் பேசுகிறவர்களாகப் பார்த்துப் பொறுக்காதே. நிற்க முடியாத நிலையில் இருப்பவரிடம் சம்மதம் வாங்க முடியாது, அவரைக் கேட்கக் கூடாது; கேட்காமல் விட்டவர்களின் எண்ணிக்கையைத் தனியாகக் குறித்து வை. அதிகம் எடுத்தவர்கள் அங்கேதான் கணக்கிலிருந்து நழுவுகிறார்கள்.

ஒப்புக்கொள்வதற்கு முன் பேராசிரியரிடம் இரண்டு விஷயம் கேள்: பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் அனுமதி வந்துவிட்டதா, இரவு விழா முடிந்த பிறகு உங்களைத் திரும்பக் கூட்டிவர வண்டி உண்டா. இந்த விழாக்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே ஏதாவது பண்ணையில் நடக்கும். நள்ளிரவில் அங்கே ரயிலும் இருக்காது, பஸ்ஸும் இருக்காது.